மரபணு 'தூங்குகிறது' என்றால் டிரிப் ஏற்ற வேண்டுமா?

கேள்வி: என் அண்ணனுக்கு வயது 47. பாப்பிலரி வகைப் புற்றுநோய் என்று தைராய்டை முழுதாக எடுத்துவிட்டார்கள். தனியார் ஆய்வகம் கொடுத்த அறிக்கையில் 'எம்டி1ஜி மரபணு மெத்திலேற்றத்தால் அடங்கியுள்ளது' என்று இருக்கிறது. உடம்பில் உலோகம் சேர்ந்ததால் மரபணு தூங்கிவிட்டதாம். டிரிப் ஏற்றி உலோகத்தை இறக்கினால் விழித்துக்கொள்ளுமாம். குடும்பத்துக்கே முடி பரிசோதனையும் சேர்த்து 6,000 ரிங்கிட் கேட்கிறார் ஓர் ஏஜென்ட். செய்யலாமா டாக்டர்? (வாசகி, செந்தூல், கோலாலம்பூர்)

வேண்டாம் அம்மா. முன்பணம் கொடுத்திருந்தால் திரும்பக் கேளுங்கள். தராவிட்டாலும் அந்த டிரிப்புக்கு மட்டும் அண்ணனை அனுப்பாதீர்கள்.

அறிக்கை பொய் என்று சொல்லவில்லை. துத்தநாகம், செம்பு போன்ற உலோகங்களைப் பிடித்துவைக்கும் சிறிய புரதங்கள் நம் செல்களில் இருக்கின்றன. மெட்டலோதயோனின் என்று பெயர். 1957இல் குதிரைச் சிறுநீரகத்தில் முதலில் கண்டார்கள். அவற்றில் ஒன்றைச் செய்யும் மரபணுதான் எம்டி1ஜி. பாப்பிலரி கட்டிகள் பலவற்றில் அந்த மரபணுவின் தொடக்கத்தில் மெத்தில் என்ற சிறு வேதிக் குறிகள் ஒட்டிக்கொள்கின்றன; இதுதான் மெத்திலேற்றம். மரபணுவின் எழுத்து மாறுவதில்லை, செல் அதைப் படிப்பதை நிறுத்திவிடுகிறது, அவ்வளவுதான். அது நடந்தது கட்டிக்குள். அந்தக் கட்டியோ எடுத்தாயிற்று. இந்த ஒரு வரிக்காகப் பிள்ளைகளுக்கு எந்தப் பரிசோதனையும் வேண்டியதில்லை.

உலோகத்தை இறக்கினால் மெத்தில் குறி கழன்றுவிடும் என்பதுதான் கதை. அப்படிக் கழற்றும் மருந்துகள் உண்மையிலேயே உண்டு: அசாசிடிடின், டெசிடபைன். இரத்தம் சார்ந்த சில நோய்களுக்கு மருத்துவமனையில் கொடுக்கிறோம், தைராய்டுக்கு அல்ல. அவை ஒரு மரபணுவை மட்டும் தேடிப்போய் எழுப்புவதும் இல்லை. இன்னொன்று, இந்தப் புரதம் கூடினால் நல்லது என்றும் சொல்ல முடியாது. சில கட்டிகளில் அது கூடி சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தையே வேலை செய்யவிடாமல் தடுக்கிறது.

இனி, நான் உண்மையாகவே பயப்படும் விஷயம். உலோகம் இறக்கும் டிரிப்பில் பெரும்பாலும் ஈடிடிஏ என்ற, உலோகத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்து இருக்கும். அதில் ஒரு வகை இரத்தத்துக் கால்சியத்தையும் சேர்த்து இழுத்துவிடும்; அதனால் உயிர்கள் போயிருக்கின்றன. தைராய்டை எடுத்தவருக்குப் பக்கத்திலிருந்து கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பிகளும் அடிபட்டு, கால்சியம் ஏற்கெனவே குறைவாக இருக்கலாம். அவருக்கா இந்த டிரிப்? கூடவே தரும் 'மினரல்' மாத்திரைகளில் உள்ள கால்சியமும் இரும்பும் தைராய்டுக்குப் பதிலாக எடுக்கும் தைராக்சின் மாத்திரையை உடம்பு உறிஞ்சவிடாது. நான்கு மணி நேரம் தள்ளித்தான் எடுக்க வேண்டும். முடி வளர என்று தரும் பயோட்டின் தைராய்டு இரத்தப் பரிசோதனை முடிவையே குழப்பிவிடும். முடி பரிசோதனையா? தலைக்கு அடிக்கும் சாயமும் குளிக்கும் தண்ணீரும்கூட அதை மாற்றும்.

டப்பாவில் 'எம்ஏஎல்' என்ற மலேசிய மருந்துப் பதிவு எண் இருக்கிறதே என்பார்கள். அந்த எண் பொருள் பதிவானது என்பதற்குத்தான், புற்றுநோயைத் தீர்க்கும் என்பதற்கு அல்ல. புற்றுநோய்க்கு மருந்து என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. அப்புறமும் வாட்ஸ்அப்பில் தாராளமாக ஓடுகிறது.

மெத்திலேற்ற அறிக்கை எல்லாமே குப்பையா என்றால், இல்லை. கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைக் கட்டியில் எம்ஜிஎம்டி மரபணு அடங்கியிருக்கிறதா என்று நாங்களே கேட்டுப் பார்க்கிறோம். அந்த மரபணு, கட்டியின் செல்களில் மருந்து உண்டாக்கும் சேதத்தைப் பழுதுபார்த்துவிடும். அடங்கியிருந்தால் பழுதுபார்க்க ஆளில்லை. டெமோசோலோமைட் மருந்து நன்றாகக் கேட்கும். அங்கே அடங்கியிருப்பது நோயாளிக்கு நல்ல செய்தி! அந்த முடிவை வைத்து வயதானவர்களுக்குச் சிகிச்சையையே மாற்றி அமைப்பதுண்டு. அந்த ஒரு வரிக்கு அங்கே வேலை இருக்கிறது. அண்ணனின் வரிக்கு இன்று அப்படி ஒரு வேலை இல்லை.

சிகிச்சையை மாற்றாத வரியை ஏன் அச்சடித்து நோயாளி கையில் கொடுக்கிறார்கள்? விளக்க ஆளில்லாத அறிக்கை நேரே ஏஜென்ட் கைக்குத்தான் போகிறது. பத்து நிமிடம் உட்கார்ந்து தமிழில் சொல்ல ஒருவரை வைக்க நம் மருத்துவமனைகளால் ஏன் முடியவில்லை என்று எனக்கு விளங்கவே இல்லை.

சரி, அடுத்த அப்பாயின்ட்மென்டில் மூன்று கேளுங்கள்: டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) எவ்வளவு, தைரோகுளோபுலின் (தைராய்டு செல்கள் மிச்சமிருக்கிறதா என்று காட்டும் புரதம்) எவ்வளவு, மிச்சத்தை அழிக்கும் கதிரியக்க அயோடின் தேவையா. விரல் மரத்தாலோ வாயைச் சுற்றி ஊசி குத்துவதுபோல் இருந்தாலோ தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றே போய்க் கால்சியம் பார்க்கச் சொல்லுங்கள்.