தட்டிப் பார்த்துவிட்டுப் பூசுங்கள்: வாசற்படி கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஊத்தான் மெலிந்தாங்கில் இருக்கும் என் வீட்டு வாசற்படியைப் போன மாதம் நானே இடித்துக் கட்டினேன். முப்பது வருடத்துக்கு மேல் ஊரார் வீட்டில் கொத்து வேலை பார்த்தவன், சொந்த வீட்டுப் படியைப் பல்லிளிக்க விட்டிருந்தேன். மனைவி சொல்லிச் சொல்லி அலுத்துப் போனாள். பேரன் தடுக்கி விழுந்த பிறகுதான் சுத்தியல் கைக்கு வந்தது. புதுப் படியைப் படம் எடுத்துப் போட்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு உங்கள் வீட்டுப் படியைப் பற்றி ஆளுக்கொன்றாகக் கேட்டிருந்தீர்கள். பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

பாகான் டத்தோ: அண்ணே, வாசலில் மூன்று படி. விளிம்பெல்லாம் உதிர்ந்து கல் தெரிகிறது. மேலே சிமெண்டு பூசினால் போதுமா, இடிக்கத்தான் வேண்டுமா?

முதலில் தட்டிப் பாருங்கள், தங்கச்சி. சுத்தியலைத் திருப்பிப் பிடித்து, அதன் மரப்பிடியால் ஒரு சாணுக்கு ஒரு தட்டு என்று படி முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல கான்கிரீட் கெட்டியாகச் சத்தம் கொடுக்கும். வெறும் பானையைத் தட்டியது போல 'டொக்' என்று கேட்கும் இடத்தைச் சாக்குக்கட்டியால் வட்டமிடுங்கள். அங்கே மேல் பூச்சு விட்டுப் போயிருக்கும், இல்லையென்றால் படிக்கு அடியில் மண்ணே இருக்காது. அடுத்து ஒரு திருப்புளியால் விளிம்பைச் சுரண்டுங்கள். மணல் மணலாகக் கொட்டிக்கொண்டே இருந்தால் அந்தக் கான்கிரீட்டில் உயிர் இல்லை. மெல்லிய கோடு மட்டும் விழுந்தால் உடம்பு நன்றாக இருக்கிறது, காயம் மேலோடுதான்.

வட்டங்கள் படியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலோ, படி ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ நான் பூச மாட்டேன், இடித்துவிடுவேன். விளிம்பு மட்டும் போயிருந்தால் பூசலாம். ஆனால் உடைந்த இடத்தில் அப்படியே சிமெண்டை அப்பாதீர்கள். ஓரம் மெலிந்து முடியும் பூச்சு அப்பளம் போல எழும்பிவிடும். உடைந்த இடத்தை உளியால் சதுரமாக, ஓரத்திலும் ஓர் அங்குல ஆழம் இருக்கும்படி வெட்டுங்கள். கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவி, ராத்திரி முழுக்க ஈரச் சாக்கு போட்டு வையுங்கள். காலையில் கல் ஈரமாக இருக்க வேண்டும், மேலே தண்ணீர் மினுங்கக் கூடாது. ஹார்ட்வேர் கடையில் எஸ்.பி.ஆர். என்று கேட்டால் பால் போல ஒன்று கொடுப்பார்கள். அதையும் சிமெண்டையும் குழைத்துத் தடவி, அது காய்வதற்குள் கலவையை அழுத்தி வைத்துவிடுங்கள். காய்ந்த பிறகு வைத்தால் ஒட்டுவதற்குப் போட்டதே பிரித்துவிடும்.

தெலுக் இந்தான்: ஐயா, படிக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் அளவு பிளவு. மூன்று தடவை சிமெண்டு வைத்து அடைத்துவிட்டோம். மறுபடியும் திறந்துகொள்கிறது.

நூறு தடவை அடைத்தாலும் திறக்கும். உங்கள் வீடு ஓரிடத்தில் நிற்கிறது, படி வேறு எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. நம் கீழ்ப்பேராக் கரையோரம் களிமண்ணும் சதுப்பும். உங்கள் ஊர் மணிக்கூண்டுக் கோபுரம் 1885-இல் கட்டியது. அது சாய்ந்து நிற்பதும் இந்த மண்ணால்தான். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் வீட்டைப் பைலிங் மேல், அதாவது ஆழத்தில் இறக்கிய தூண்கள் மேல் நிறுத்திவிட்டு, போர்ச்சையும் படியையும் கொட்டி நிரப்பிய மண் மேலேயே உட்கார வைத்துவிடுவார்கள். மண் அமுங்க அமுங்கப் படியும் கூடவே இறங்கும்.

இடிப்பதற்கு முன் ஒரு மழைக்குக் குடை பிடித்துக்கொண்டு வாசலில் நின்று பாருங்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது? நான் பார்த்த பாதி வீடுகளில் படியின் காலடியில்தான் விழும். அந்தத் தண்ணீரே மண்ணைக் கரைத்து இழுத்துப் போய்விடும். அதைத் திருப்பாமல் புதுப்படி கட்டுவது ஓட்டை வாளியில் தண்ணீர் இறைப்பது போல.

மூன்று படி என்றாலும் எடை சும்மா இல்லை, முக்கால் டன்னுக்கு மேல் வரும். பழைய படியை எடுத்த பிறகு இளகிய மண்ணைத் தோண்டிப் போட்டுவிட்டு, கிரஷர் ரன் (தூளும் சல்லியும் கலந்த உடைகல்) கொட்டி, ஆறு அங்குலத்துக்கு ஒரு முறை இடித்து இறுக்குங்கள். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் இடித்தால் அடியில் இறுகாது. மண் மிகவும் மோசமென்றால் அந்தக் காலத்து ஆட்கள் பாக்காவ் (சதுப்புநில மரம்) கட்டை இறக்குவார்கள். நிலத்தடி நீருக்குக் கீழேயே இருக்கும் வரை அது அழுகாது. தலை வெளியே காய்ந்தால் போச்சு.

சுவருக்கும் புதுப் படிக்கும் நடுவில் அரை அங்குலத்துக்குப் பாலிஸ்டைரின் அட்டை வைத்துவிட்டு, மேல் வாயை சீலண்டால் மூடுங்கள். படியைக் கம்பி போட்டு வீட்டோடு கட்டச் சொல்வாரும் உண்டு. இந்த மண்ணில் எனக்கு அது பிடிக்காது. படி இறங்கும்போது சுவரையும் பிய்த்துக்கொண்டு இறங்கும்.

சுங்கை சுமுன்: அண்ணே, மூன்று படிக்கு எத்தனை மூட்டை சிமெண்டு? கொண்ட்ராக்டர் எட்டு என்கிறார்.

4 அடி அகலம், ஒவ்வொரு படியும் 6 அங்குல உயரம், 12 அங்குல மிதி (கால் வைக்கும் இடம்) என்று வைத்துக்கொள்வோம். மேல்படிகளுக்கு அடியிலும் போவதால் கீழ்ப்படி முன்னிருந்து பின்வரை 3 அடி, நடுப்படி 2 அடி, மேல்படி 1 அடி. கூட்டினால் 6. அதை 4 அடி அகலத்தாலும் அரையடி உயரத்தாலும் பெருக்கினால் 12 கன அடி. வெளி வாசலுக்கு நான் போடும் கலவை: சிமெண்டு ஒரு பங்கு, மணல் ஒன்றரைப் பங்கு, முக்கால் அங்குலக் கல் மூன்று பங்கு. அந்தக் கணக்கில் 50 கிலோ மூட்டை மூன்று, மணல் 5 கன அடி, கல் 10 கன அடி. உங்கள் படி இதைவிடப் பெரிதா, அடியில் தளமும் போடுகிறாரா என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் மிச்ச மூட்டை எந்த வீட்டுக்கு என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

மூட்டைக் கணக்கைவிடத் தண்ணீர்க் கணக்கில் கண் வையுங்கள். ஒரு மூட்டைக்கு 25 லிட்டர், அதுவும் மணலில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து. 18 லிட்டர் பெயிண்ட் வாளியில் ஒன்றரை வாளி கூட இல்லை. வேலையாட்கள் கலவை வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று குழாயைத் திறந்துவிடுவார்கள். கரணைக்குச் சுகம், படிக்கு ஆயுள் குறைவு.

ஊத்தான் மெலிந்தாங்: அங்கள், அம்மாவுக்கு மூட்டு வலி. படி எவ்வளவு உயரம் இருக்கலாம்?

நம் நாட்டு 1984-ஆம் ஆண்டுக் கட்டடத் துணைவிதிகளில் மாடிப்படிக்கு உயரம் 180 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, மிதி 255-க்குக் குறையக் கூடாது. வயதானவர்கள் ஏறும் வாசலுக்கு நான் 150 உயரம், 300 மிதி வைப்பேன். ஆறு அங்குலம், ஓரடி.

ஆனால் அம்மாவை விழ வைப்பது உயரம் கூட இல்லை, வித்தியாசம். மூன்று படி ஆறு அங்குலம், கடைசிப் படி மட்டும் ஏழரை என்றால் அங்கேதான் கால் தட்டும். முதல் இரண்டு படியில் கால் கணக்கைப் படித்துக்கொள்ளும், மூன்றாவதற்குக் கண் பார்க்காது. இந்தத் தவறு எப்படி வருகிறது தெரியுமா? படி கட்டி முடித்து ஆறு மாதம் கழித்துப் போர்ச்சுக்கு டைல்ஸ் போடுவார்கள். கலவையும் டைல்ஸும் சேர்ந்து ஒன்றரை அங்குலம் ஏறிவிடும், படி அப்படியே இருக்கும். அதனால் டைல்ஸ் போட்ட பிறகு தரை எங்கே வரும் என்று சுவரில் முதலில் கோடு போட்டு, அந்தக் கோட்டிலிருந்து படிக்குக் கீழே உள்ள தரை வரை அளந்து, சமமாகப் பங்கு போடுங்கள். மிதியைக் கொஞ்சம் வெளிப்பக்கம் வாட்டமாக வையுங்கள், அடிக்குக் கால் அங்குலம் போதும், தண்ணீர் நிற்காது.

கைப்பிடியும் வையுங்கள். அந்த விதியில் நாலு படிக்குக் குறைந்தால் கட்டாயமில்லை. விதிக்கு மூட்டு வலி கிடையாதே. மிதியின் விளிம்பிலிருந்து 825 முதல் 900 மில்லிமீட்டர் உயரத்தில் குழாய் வந்தால் கைக்கு வாகாக இருக்கும்.

அப்புறம், உங்கள் மாமா சொன்னாராமே, 'லாபம், நஷ்டம்' எண்ணிப் பார்க்க வேண்டும் என்று. முதல் படி லாபம், அடுத்தது நஷ்டம் என்று மாற்றி மாற்றி எண்ணுங்கள், மூன்றோ ஐந்தோ லாபத்தில் முடியும். லாபத்துக்காக நாலை மூன்றாக்கி உயரத்தைக் கூட்டாதீர்கள். இடம் இருந்தால் ஐந்தாக்குங்கள்.

லங்காப்: தம்பி, எங்கள் வீட்டுப் படி ஒரு பக்கம் மட்டும் அரித்துப் போயிருக்கிறது. மழையும் வெயிலும் எல்லா இடத்திலும் ஒன்றுதானே?

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஐயா. அந்த ஓரத்தில் இரண்டு உரமூட்டை சாய்த்து வைத்திருக்கிறீர்கள். உங்கள் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) போடுவது அம்மோனியம் சல்பேட் என்றால், கான்கிரீட்டுக்கு அது நேர் எதிரி. சாக்கிலிருந்து கசிந்து மழையில் கரைந்து சிமெண்டைத் தின்றுவிடும். கித்தா (ரப்பர்) மரம் வைத்திருப்பவர்கள் வீட்டிலும் இதே கதைதான். பாலை உறைய வைக்கும் பார்மிக் ஆசிட் கேனைப் படியில் வைத்தால் வட்டமாக அச்சு விழும். செம்பனைப் பழத்து எண்ணெய் புளித்தாலும் அமிலமாகி அரிக்கும்.

இன்னொன்று, தீபாவளிக்கு முன் கழிப்பறை ஆசிட்டை ஊற்றிப் படியைத் தேய்க்கும் பழக்கம். நுரை பொங்கி அழுக்குப் போவதாகத் தெரியும். பொங்குவது சிமெண்டுதான். வருடத்துக்கு ஒரு தோலாக உரித்து எடுக்கிறோம். பாசிக்கு குளோராக்ஸ் பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, கால் மணி நேரம் ஊறவிட்டு ஈர்க்குமாற்றால் தேய்த்துக் கழுவினால் போதும். இதையும் ஆசிட்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், கிளம்பும் வாயு நுரையீரலைச் சுட்டுவிடும்.

உரத்தை இடம் மாற்றாமல் படியை மாற்றுவது வீண் செலவு.

பீடோர்: இரும்புக் கம்பி போட வேண்டுமா?

இறுகிய தரையில் முழுக் கான்கிரீட்டாக உட்காரும் மூன்று படிக்குத் தேவையில்லை. அடியில் வெற்றிடம் விட்டுப் பலகை போலக் கட்டினால் வேண்டும். போட்டால் கம்பியை மூடி இரண்டு அங்குலக் கான்கிரீட் இருக்கட்டும். விளிம்புக்குப் பக்கத்தில் கம்பி வைத்தால் துருப்பிடித்து ஊதி, படியை உள்ளிருந்தே பிளக்கும்.

தாப்பா: வழவழவென்று பளபளப்பாக வேண்டும் என்கிறாள் மனைவி. டைல்ஸா, சிமெண்டுப் பூச்சா?

வாசலில் பளபளப்பு வேண்டாம், தம்பி. மத்தியான மழையில் செருப்போடு ஓடி வரும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். டைல்ஸ்தான் என்றால் சொரசொரப்பானது, விளிம்புக்கு வரி போட்டது வாங்குங்கள். எனக்குப் பிடித்தது பழைய முறை: கான்கிரீட் மேலே நின்ற தண்ணீர் வற்றி, விரலால் அழுத்தினால் லேசாகப் பதியும் நேரத்தில், ஈர்க்குமாற்றை நனைத்து உதறிவிட்டு ஒரே இழுப்பாகக் குறுக்கே இழுப்பது. நாலு இழுப்பில் ஒரு படி முடிந்துவிடும். செம்பனை ஈர்க்கு கொஞ்சம் முரடு, தென்னை ஈர்க்கில் வரி நெருக்கமாக விழும்.

வழவழப்பாக்க வேண்டுமென்று ஈரத்தின் மேல் காய்ந்த சிமெண்டைத் தூவாதீர்கள். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் அப்படிச் செய்தேன். அன்று கண்ணாடி போல இருந்தது. ஒரு வருடத்தில் பாம்புச் சட்டை போல உரிந்தது. அந்த வீட்டுக்காரர் கல்யாண வீடுகளில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் படியை விசாரிப்பார்.

செண்டெரோங் பாலாய்: தீபாவளிக்கு இரண்டு வாரம்தான். இப்போது இடித்தால் திறந்த இல்ல உபசரிப்புக்குத் தயாராகுமா?

ஆகும், ஆனால் இடித்த கையோடு கட்டினால் மட்டுமே. இடிக்கவும் தரை இறுக்கவும் மூன்று நாள், பலகை அடித்துக் கான்கிரீட் போட ஒரு நாள். அதன் பிறகு இரண்டு நாள் யாரும் மிதிக்கக் கூடாது. ஒரு வாரம் கோணிச் சாக்கை நனைத்துப் போர்த்தி வையுங்கள், காய விடாதீர்கள். சிமெண்டு காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரைக் குடித்துத்தான் இறுகுகிறது. முழு பலத்துக்கு 28 நாள் கணக்கு. விருந்தாளிகள் ஏறி இறங்க ஒரு வாரம் போதும். இந்த மாதங்களில் மாலை மழை நிச்சயம், அதனால் காலையிலேயே போட்டு முடித்து, கான்வாஸைக் கான்கிரீட்டில் படாமல் கட்டை நட்டு உயர்த்திக் கட்டுங்கள். அதுவரை பின்வாசல்.

ஒரு தோட்டத்து வீட்டிலிருந்து: நாங்கள் நிர்வாகம் கொடுத்த வீட்டில் இருக்கிறோம். படி உடைந்து இரண்டு வருடம். நாங்களே செய்துகொள்ளலாமா?

அவசரப்பட்டுக் கைக்காசைப் போடாதீர்கள், அம்மா. தொழிலாளர் வீட்டு வசதிக்கென்று 1990-ஆம் ஆண்டுச் சட்டம், 446-ஆவது சட்டம் இருக்கிறது. கொடுத்த வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் பொறுப்பு. படத்தோடும் தேதியோடும் மானேஜருக்குக் கடிதமாகக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள். வாய்ச்சொல்லுக்குச் சாட்சி இல்லை. அசையவில்லையென்றால் தொழிற்சங்கத்தில் சொல்லுங்கள், அடுத்தது தொழிலாளர் இலாகா. அதுவரை உடைந்த படியின் ஓரத்தில் வெள்ளைச் சாயம் அடித்து வையுங்கள், இருட்டில் தெரியும்.

ஊத்தான் மெலிந்தாங்: மோட்டார் சைக்கிள் ஏற்றப் படியோடு சரிவும் வேண்டும்.

மோட்டாருக்கு மட்டும் என்றால் படியின் ஓரத்தில் ஒன்றரை அடி அகலச் சரிவு போதும், மேலே குறுக்கு வரி போடுங்கள். சக்கர நாற்காலிக்கும் சேர்த்து என்றால் கணக்கு வேறு: ஓரங்குல உயரத்துக்கு ஓரடி நீளம். ஒன்றரை அடி உயர வாசலுக்குப் பதினெட்டு அடி. அவ்வளவு நீளத்துக்கு முன்வாசலில் இடம் இருக்காது, பக்கவாட்டில் சுவரோரமாகக் கொண்டு போங்கள்.

பாகான் டத்தோ (மறுபடியும்): அண்ணே, நேற்றுப் போட்ட கான்கிரீட்டில் கோழி நடந்துவிட்டது!

நேற்றே பார்த்திருந்தால் கரணையால் தடவிவிட்டிருக்கலாம். இன்று தொடாதீர்கள், தங்கச்சி, தோண்டினால் ஓட்டை மட்டும்தான் மிஞ்சும். சாக்கை நனைத்துப் போடுங்கள். என் வீட்டு மேல்படியிலும் மூன்று விரல் அச்சு இருக்கிறது. பேரன் கோலம் என்கிறான்.