தைல மரத் தூரை எடுத்த நிலத்தில் மகோகனி மட்டும் நடலாமா?

கேள்வி: ஆலங்குடிப் பக்கம் 4 ஏக்கர் செம்மண் மானாவாரி நிலம். தைல மரம் (யூகலிப்டஸ்) போட்டு மூன்று வெட்டு முடிந்துவிட்டது. கிணற்றில் தண்ணீர் இல்லை, போரும் அரை மணி நேரம்தான் ஓடுகிறது. தூரைப் பிடுங்கிவிட்டு 4 ஏக்கரிலும் மகோகனி நட்டால் 15 வருடத்தில் கோடி ரூபாய் வரும், மரம் காற்றிலிருந்து பிடித்து வைக்கும் கரிக்காகத் தரும் கார்பன் பணமும் உண்டு என்கிறார் கன்று விற்பவர். மரம் எதுவானாலும் பருவநிலைக்கு நல்லதுதானே, நடட்டுமா?

பதில்: நடுங்கள், ஆனால் 4 ஏக்கரிலும் ஒரே மரத்தை நடாதீர்கள். ஒரே நாளில் மொத்தமாக வெட்டும்படியும் நடாதீர்கள். தைலத்தில் உங்களுக்கு நேர்ந்தது மகோகனியிலும் நேரக் கூடாது.

உங்கள் தோப்பில் சருகை விலக்கிக் கீழே மண்ணைக் கிள்ளிப் பாருங்கள். தைலச் சருகு மக்காமல் பாய் போலக் கிடக்கும், மண் இறுகி வெளுத்திருக்கும். பிறகு பக்கத்துத் தோட்டத்துப் பலா மரத்தடிக்குப் போய் அதே மாதிரி பாருங்கள். மண் கறுத்துப் பொலபொலவென்று வரும், மண்புழு நெளியும். மரம் காற்றிலிருந்து எடுத்த கரியில், அதாவது கார்பனில், ஒரு பகுதி இப்படித்தான் மண்ணில் தங்குகிறது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கரிதான். அந்த மரம் காகிதமானால் சில வருடங்களில் அந்தக் கரி திரும்பக் காற்றுக்குப் போய்விடும். கதவு, நிலை, கட்டில் என்று வீட்டுக்குள் போனால் ஒரு தலைமுறைக்கும் மேல் தங்கும். அதனால்தான் எந்த மரம், எத்தனை வருடம், எப்படி வெட்டுகிறோம் என்பதெல்லாம் முக்கியமாகிறது.

மகோகனி மட்டும் நட்டால் குருத்துத் துளைப்பான் என்னும் பூச்சி தேடி வரும். நுனிக் குருத்து வாடித் தொங்கும். கிள்ளிப் பிளந்தால் உள்ளே கறுப்பு எச்சமும் புழுவும் இருக்கும். நுனி போனால் மரம் கவையாகப் பிரிந்துவிடும், நேரான கட்டை கிடைக்காது. கலந்து நட்டால் தாக்குதல் குறையும். அப்படியும் வந்தால் வாடிய குருத்துக்குக் கீழே வெட்டி எரித்துவிட்டு, நல்ல கிளை ஒன்றை மட்டும் மேலே விடுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வைரம் பாய்ந்த, அதாவது நடுப்பகுதி முற்றி உறுதியான, கட்டைக்குத்தான் விலை. உங்கள் தண்ணீரில் 15 வருடத்துக்குள் அந்தப் பருமனை எதிர்பார்க்காதீர்கள்.

சரி, எப்படிச் செய்வது? இந்த வருடம் 2 ஏக்கரில் மட்டும் தூரை எடுங்கள். மீதி 2 ஏக்கரில் வெட்டிய தூரிலிருந்து தைலம் இன்னொரு மறுதாம்பாகத் துளிர்த்து வளரட்டும், கைச்செலவுக்கு அது உதவும். ஆடியில் ஒன்றரை அடிக் குழி எடுத்து ஆறவிட்டு, தொழு உரமும் மேல்மண்ணும் இட்டு, புரட்டாசி, ஐப்பசி மழையில் நடுங்கள். 15 அடிக்கு 15 அடி என்றால் ஏக்கருக்கு 190 மரம் பிடிக்கும். தேக்கு, வேங்கை, மகோகனி, குமிழ் நான்கையும் வரிசை மாற்றி நடுங்கள். நடுவில் சவுக்கு ஒரு வரிசை போட்டால் நான்கு வருடத்தில் முதல் காசு அதில் வரும். சவுக்கு வேரில் பவளம் மாதிரிக் கொத்துக் கொத்தாக முடிச்சு இருக்கும், அது காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும். அப்புறம் முதல் மூன்று வருடம் இடையில் கடலை, உளுந்து, கொள்ளு போட்டுக்கொள்ளலாம். குமிழ் பத்து வருடம் வாக்கில் வெட்டுக்கு வரும். தேக்கும் வேங்கையும் பிள்ளைகள் காலத்துக்கு. வெட்டுகிற இடத்தில் அந்த மழைக்கே மறுகன்று வைத்துவிடுங்கள். நிலம் ஒரு நாளும் மொட்டையாக நிற்காது.

வரப்பை விட்டுவிடாதீர்கள், என் ஆசையெல்லாம் அங்கேதான். பனை, புங்கன், நாவல், இலுப்பை, பலா வையுங்கள். பனையோலையில் தூக்கணாங்குருவி கூடு கட்டும், புங்கம்பூவுக்குத் தேனீ வரும், நாவலுக்கும் இலுப்பைக்கும் பழந்தின்னி வௌவால் வந்து விதையை ஊரெல்லாம் பரப்பும். பொந்து விழுந்த கிழட்டு மரம் ஒன்றிரண்டை வெட்டாமல் விடுங்கள். அதில் ஆந்தை குடியேறினால் கடலைக்காட்டு எலிக்கு அதுவே காவல். மயிலும் வரும், மறைக்கவில்லை. விதைத்த வாரம் ஆள் காவல் வேண்டியிருக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது உங்கள் பக்கம் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடக்க, பனை நின்றதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

கார்பன் பணத்துக்காக யாரிடமும் முன்பணம் கட்டாதீர்கள், படிக்காமல் கையெழுத்தும் போடாதீர்கள். அளந்து சான்று வாங்கும் செலவு 4 ஏக்கருக்குத் தனியாகக் கட்டுப்படியாகாது. பல விவசாயிகள் குழுவாகச் சேர்ந்தால் யோசிக்கலாம்.

கன்றுக்கு வேளாண் துறையின் மரக்கன்றுத் திட்டத்தில் உழவன் செயலி வழியாகப் பதிவு செய்து பாருங்கள். சவுக்கில் நல்ல ரகம் வேண்டுமானால் கோவை வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனத்திலோ மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியிலோ கேளுங்கள். ஆடு இருந்தால் நடும் முன்பே கிளுவைப் போத்து ஊன்றி வேலி அடைத்துவிடுங்கள். நட்டதும் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லித் தேக்கு எத்தனை, வேங்கை எத்தனை என்று அடங்கலில், அதாவது நிலத்தில் என்ன இருக்கிறது என்று எழுதும் கிராமக் கணக்கில், ஏற்றிவிடுங்கள். பின்னால் வெட்ட அனுமதி கேட்கும்போது முதலில் கேட்பது அதைத்தான்.