ஜெர்மனியில் 10 மணி வகுப்புக்குப் பேராசிரியர் 10:15க்கு வருவது ஏன்?

அவர் தாமதமாக வரவில்லை, வகுப்பே 10:15க்குத்தான். அட்டவணையில் நேரத்துக்குப் பக்கத்தில் "சி.டி." (c.t.) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். லத்தீனில் 'கும் டெம்போரே', அதாவது கால் மணி கழித்து. "எஸ்.டி." (s.t.) என்றிருந்தால் சரியாக 10.

இரண்டுமே இல்லையா? முடியும் நேரத்தைப் பாருங்கள். 90 நிமிட வகுப்புக்கு 10–12 என்று போட்டிருந்தால், பெரும்பாலும் 10:15 முதல் 11:45 வரைதான். சந்தேகம் இருந்தால் முதல் வாரம் 10க்கே போய்விடுங்கள், நஷ்டமில்லை.

ஆனால் இந்தக் கால் மணிச் சலுகையை வெளியே எடுத்துப் போகாதீர்கள். சில பல்கலைக்கழகங்களில்கூட இது கிடையாது. தேர்வு, மருத்துவர், விசா அலுவலகம் எதுவானாலும் குறித்த நேரத்துக்கு 10 நிமிடம் முன்பே அங்கே இருங்கள். விசா அலுவலகத்தில் முறை தவறினால் அடுத்த தேதிக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம்.