டிவி போக்கர் சீட்டாட்ட நிகழ்ச்சிகளில் அமெரிக்க ஆட்டக்காரர் ஃபில் ஹெல்முத்தை எல்லாரும் கலாய்க்கிறார்களே, அவ்வளவு பெருமை பேசுகிற ஆளுக்கு அது தேவைதானே?

தேவை இல்லை. கூட இருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து கலாய்க்க லைசென்ஸ் கிடையாது. எதிரே உட்கார்ந்து ஆடுகிறவருக்கு மட்டும் கொஞ்சம் உரிமை உண்டு. இதில் எனக்குச் சொந்த அனுபவம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. சூதாட்டத்துக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்று கருத்துப் பகுதியில் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். காசு வைத்து ஒரு கை ரம்மிகூட நான் ஆடியதில்லை. ஆன்லைன் ரம்மியில் தெருவுக்கு வந்த குடும்பத்தை எங்கள் பகுதியிலேயே பார்த்தவள் நான். போக்கரைப் பார்ப்பது மட்டும்தான். முப்பது வருடமாகக் கேரம் ஆடுகிறவளுக்கு எதிராளியின் முகத்தைப் படிக்கிற எந்த ஆட்டமும் பிடிக்கும்.

நீங்கள் பார்த்தது இரண்டு நிமிட வெட்டுத் துண்டுகளாகத்தான் இருக்கும். அதில் ஹெல்முத் எழுந்து நடப்பார், கத்துவார், தன்னைத் தானே புகழ்வார், மற்றவர்கள் சிரிப்பார்கள். அவ்வளவுதான் தெரியும். 1989-இல் 24 வயதில் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை அவர் ஜெயித்தது அதில் தெரியாது. கடைசியில் அவர் தோற்கடித்தது யாரை? 1987, 1988 இரண்டு வருடமும் ஜெயித்து, மூன்றாவதுக்குக் காத்திருந்த ஜானி சானை. அந்தத் தொடரில் ஒரு போட்டியை ஜெயித்தால் ஒரு பிரேஸ்லெட் தருவார்கள். ஹெல்முத்திடம் அது 17 இருக்கிறது. அவருக்கு அடுத்து இருக்கும் ஃபில் ஐவியிடம் 11. இதைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் ‘நான் பெரிய ஆள்’ என்றால் அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கணக்குதானே சொல்கிறார்?

கலாய்ப்பவர்களும் சும்மா செய்வதில்லை. ‘போக்கர் ஆஃப்டர் டார்க்’ என்ற நிகழ்ச்சி 2007-இல் என்பிசி என்ற அமெரிக்க டிவியில் தொடங்கியது. ஆறு பேர், தலா 20,000 டாலர், ஜெயிப்பவருக்கு மொத்தம் 1,20,000. அதில் வர்ணனை மிகக் குறைவு, மேஜையில் பேசுவதுதான் நிகழ்ச்சியே. ஷான் ஷெய்கான், ஆனி டியூக், கஸ் ஹான்சன் எல்லாம் உட்கார்ந்த ஒரு வாரம், தான் ஒரு கை ஆடிக்கொண்டிருக்கும்போது பேசாதீர்கள் என்று ஹெல்முத் கேட்கக் கேட்க, பேச்சு இன்னும் கூடியது. அவர் நிதானம் இழந்தால் அவர் சிப்ஸ், அதாவது காசுக்குப் பதில் வைத்து ஆடும் வில்லைகள், மற்றவர்களுக்கு வரும். ஆக, அந்தக் கேலி ஆட்டத்தின் ஒரு பகுதி. அவர்களும் 20,000 டாலரை வைத்துவிட்டுத்தான் பேசினார்கள். அதனால் அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. வீட்டில் சோபாவில் சாய்ந்து, எல்லார் சீட்டும் திரையில் தெரிய, ‘இதுகூடத் தெரியலயா இவனுக்கு’ என்று எழுதுகிறவர்கள்மேல்தான் கோபம்.

இப்போது என் கதை. எங்கள் துறையில் வருடாவருடம் விளையாட்டுப் போட்டி நடக்கும். ஒரு வருடம் சாப்பாட்டு நேரத்தில், பெண்கள் கேரத்தில் இந்த முறை கப் எனக்குத்தான் என்று சொன்னேன். தினமும் சாயங்காலம் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தேன், என் கை எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியும், சொன்னேன். இதையே ஓர் ஆண் சொல்லியிருந்தால் ‘தன்னம்பிக்கை’ என்றிருப்பார்கள். எனக்குக் கிடைத்தது ‘திமிர்’. மறுநாளிலிருந்து நான் செக்‌ஷனுக்குள் நுழைந்தாலே ‘சாம்பியன் வர்றாங்க, வழி விடுங்கப்பா’. ஒரு நாள் என் ஃபைல் மேல் போரிக் பவுடரைக் கொட்டி வைத்திருந்தார்கள். கேரமில் ஸ்ட்ரைக்கர் பிடிக்கவே தெரியாத ஆட்கள்.

ஃபைனலில் எதிரே உட்கார்ந்தவர் கணக்குப் பிரிவு அக்கா. அமைதியான முகம், ஆனால் கட் ஷாட் அடித்தால் சத்தமே வராமல் காய் உள்ளே போகும். கடைசி போர்டு. எனக்கு ஒரு வெள்ளையும் ரெட்டும் பாக்கி, அக்காவுக்கு ஒரே ஒரு கறுப்பு. ரெட்டை அடித்துவிட்டேன். ஃபாலோவுக்கு இருந்த வெள்ளை என் பக்கத்துக் கட்டை ஓரம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ‘ரெட்டு வந்துடுச்சு, ஃபாலோ வருமாடி?’ என்று கேட்டுவிட்டு அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் கேட்கலாம். நான் விட்டால் ரெட்டு நடுவுக்குத் திரும்பும், அவர் அதை அடித்து, அந்தக் கறுப்பை ஃபாலோவாகப் போட்டு முடிப்பார். பின்னால் நின்ற ஒருவர், ‘மேடம் விரல் நடுங்குது பாருங்க’ என்றார். கூட்டமே சிரித்தது. அவருக்கு இதில் என்ன வேலை? தோற்றால் அவர் பையிலிருந்து எது போகிறது? ஸ்ட்ரைக்கரை எதிர்க் கட்டையில் மோதித் திருப்பி, பேக் ஷாட்டில் வெள்ளையைப் போட்டேன். கப் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. அக்கா எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். பின்னால் நின்றவர் ‘லக்கு’ என்றார்.

பேச்சோடு பேச்சாக இதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்கள் ஃபைனலை மதிய உணவு இடைவேளையில் வைத்தார்கள், மூலை ஒன்று தண்ணீர் பட்டு உப்பிப்போன போர்டில். ஆண்கள் ஃபைனல் மாலையில், சிறப்பு விருந்தினர் முன்னால், அன்றுதான் பிரித்த புது போர்டில். இரண்டுக்கும் ஒரே பட்ஜெட், ஒரே கமிட்டி. கேட்டதற்கு ‘அடுத்த வருஷம் பாக்கலாம்’ என்றார்கள். பல வருடம் கழிந்தும் பெண்கள் ஆட்டம் மதியத்தில்தான் நடக்கிறது. பெரிய அதிகாரி யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து நேரத்தையாவது மாற்றுங்கள்.

சரி, ஹெல்முத் செய்வதெல்லாம் நியாயம் என்று நான் சொல்லவில்லை. 2008 முதன்மைப் போட்டியில் கிறிஸ்டியன் டிராகோமிர் என்ற ருமேனியக்காரர் பத்து-நாலு என்ற பலமில்லாத சீட்டை வைத்துக்கொண்டு இவருடைய பலமான ஏஸ்-கிங்கை ஜெயித்ததற்கு அந்த மனிதரை முட்டாள் என்று திட்டித் தீர்த்தார். தன்னை உயர்த்திப் பேசட்டும், ஆயிரம் முறை பேசட்டும். முறைப்படி ஜெயித்தவரை இழிவாகப் பேச இவருக்கும் உரிமை கிடையாது. அந்த ஒரு விஷயத்தில் அவரைத் திட்டுகிறவர்களோடு நானும் நிற்பேன்.

கலாய்ப்பது எப்படி என்று தெரிய வேண்டுமானால் அதே 2008-இல் என்பிசி காட்டிய, இருவர் மட்டும் மோதும் போட்டியைப் பாருங்கள். எதிரே டாம் டுவான், 21 வயசுப் பையன். ஹெல்முத்திடம் இரண்டு ஏஸ், டுவானிடம் இரண்டு பத்து. எல்லாச் சிப்ஸும் நடுவில். மேஜை நடுவில் இருவருக்கும் பொதுவாக விரிக்கும் சீட்டுகளில் நாலாவதாக இன்னொரு பத்து விழுந்தது, பையனுக்கு மூன்று பத்து, பெரியவர் வெளியே. பத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு சிப்ஸ் போடுவாயா என்று அவர் பாடம் எடுக்க, பையன் குரலை உயர்த்தாமல், வேண்டுமானால் தனியாக ஆடிப் பார்ப்போம், தொகையை நீங்களே சொல்லுங்கள் என்றான். ஐந்து வருடம் கழித்து நீ இருக்கிறாயா பார்ப்போம் என்றார் இவர். டுவான் இருந்தார். 2021 ஆகஸ்டில் ‘ஹை ஸ்டேக்ஸ் டுவல்’ நிகழ்ச்சியில் இருவரும் மோதியபோது டுவான் ஜெயித்தார். ஹெல்முத் ஒதுங்கவில்லை. மறு ஆட்டம் கேட்டு, தலா 2 லட்சம் டாலர் வைத்து, 2022 ஜனவரியில் திருப்பி ஜெயித்தார். அப்போது அவருக்கு வயது 57.

அந்த இரண்டு ஆட்டங்களையும் முழுசாக உட்கார்ந்து பாருங்கள். துண்டு வீடியோக்களை விடுங்கள். பார்த்துவிட்டு, அவருக்குக் கலாய் தேவைதான் என்று அப்போதும் தோன்றினால் கீழே எழுதுங்கள், பேசுவோம்.