செம்பனை ஓலையும் குருத்தோலை ஞாயிறும்

கேள்வி: ஐயா, எங்களைச் சுற்றிச் செம்பனைதான் (எண்ணெய்ப்பனை), தென்னை அரிது. குருத்தோலை ஞாயிறுக்குச் செம்பனை ஓலை கொண்டு போகலாமா?
– வாசகி, பெஸ்தாரி ஜெயா, மலேசியா

பதில்: தாராளமாகப் போகலாம், அம்மா. இயேசு கழுதைக்குட்டியில் ஏறி எருசலேமுக்குள் வந்தபோது ஜனங்கள் குருத்தோலை பிடித்ததாக யோவான் சொல்கிறார். மத்தேயுவில் வெறும் மரக்கிளைகள்தான். அந்த ஊர் ஓலை பேரீச்சை. தென்னை நம்மவர் வழக்கம். போலந்துக்காரர்கள் பனைக்கு எங்கே போவார்கள்? வில்லோ கிளையைப் பிடிக்கிறார்கள்.

ஆனால் சிலுவை மடிக்கத் தென்னங்குருத்துதான் சரி. செம்பனை இலை விறைப்பு, மடித்தால் பிளந்துகொள்ளும். மட்டையில் முள் வேறு. சீவிவிட்டுப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். மரத்தில் கை வைக்க வேண்டாம். குலை அறுக்கும்போது வெட்டிய மட்டைகள் வரிசைக்கு நடுவே கிடக்கும், மண்டோரிடம் (தோட்டத்து மேற்பார்வையாளர்) ஒரு வார்த்தை கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். (கேட்காமல் எடுத்தால் பூசைக்கு முன்பே பஞ்சாயத்து!)

அப்புறம், மந்திரித்த ஓலையைக் குப்பையில் போடாதீர்கள். சுவரில் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வையுங்கள். அடுத்த திருநீற்றுப் புதனுக்கு முன் கோயிலில் கேட்டு வாங்கி எரிப்பார்கள். நெற்றியில் பூசும் சாம்பல் அதுதான்.