மூன்று நாள் பட்டறையும் மூன்று பரப்புக் காணியும்

கடந்த வாரம் வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் தன் மகனை அழைத்துக்கொண்டு ஆலோசனை கேட்டு என்னைச் சந்திக்க வந்திருந்தார். பையனுக்கு வயது பதினேழு. சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு பெற்று, உயர்தர உயிரியல் பிரிவில் சேர்ந்து நான்கு மாதங்களாகின்றன. எட்டாம் ஆண்டிலிருந்து பாடசாலையின் மேலைத்தேய வாத்தியக்குழுவில் பிரெஞ்ச் ஹோர்ன் என்ற சுருண்ட பித்தளைக் குழல் வாத்தியத்தை வாசித்து வருகிறான். வெளிநாட்டு இசைக்குழு ஒன்றில் பணியாற்றும் ஹோர்ன் கலைஞர் ஒருவர் கொழும்பில் மாணவர்களுக்காக மூன்று நாள் பயிற்சிப் பட்டறை நடத்தவிருக்கிறார் என்றும், அந்த மூன்று நாளும் இரசாயனவியல் ரியூசன் இருப்பதால் போக வேண்டாமென்று தடுத்ததிலிருந்து பிள்ளை யாருடனும் பேசுவதில்லை என்றும் தாய் சொன்னார். ரொறன்ரோவில் இருக்கும் பெரியப்பா, பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி போதாமற் போனாலும் வெளிநாட்டுத் தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்றில் இடம் எடுத்துவிடலாம் என்று ஒரு முகவரின் தொலைபேசி இலக்கத்தையும் அனுப்பியிருக்கிறார். அதற்கான பணத்துக்கு யாழ்ப்பாணத்தில் அம்மம்மா எழுதிக்கொடுத்த மூன்று பரப்புக் காணியை விற்பதென்று வீட்டில் ஏறத்தாழ முடிவாகிவிட்டது. பிள்ளையின் மனத்தை மாற்றித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். அன்று அவசரத்தில் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அம்மா, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. தகப்பன் கடல் கடந்து உழைக்க, தனியாக இரு பிள்ளைகளைக் கொழும்பில் வளர்க்கும் ஒருவர் நிச்சயமான வருமானத்தைத் தேடுவதில் தவறில்லை. ஆனால் இதற்கு மேல் உங்களைத் தேற்றிக்கொண்டிருப்பது என் வேலையல்ல. நீங்கள் நிச்சயமானது என்று நினைக்கும் வழி நிச்சயமானதன்று. வெளிநாட்டில் மருத்துவப் பட்டம் பெற்று வருபவர் இலங்கையில் பதிவு பெறுவதற்கு மருத்துவ சபையின் தகைமைப் பரீட்சையில் சித்தியடைந்தாக வேண்டும். அந்தப் பரீட்சைக்காகப் பல ஆண்டுகள் அறையில் அடைந்துகிடக்கும் இளைஞர்களை உங்கள் ஒழுங்கையிலேயே காணலாம். விரும்பிச் சென்றவர்களே தளர்ந்துபோகும் அந்தப் பாதையில், தவளையை வெட்டும் நாளில் பாடசாலைக்குப் போகாமல் நின்ற பிள்ளையை அனுப்புவதற்காகக் காணியை விற்பதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். பெரியப்பா அன்பினால் சொல்கிறார். ஆனால் அந்தக் காணி அவருடையதல்ல, ஆறு ஆண்டுகள் படிக்கப் போகிறவரும் அவரல்ல.

பொறியியல், கணக்கியல், தகவல் தொழினுட்பம் ஆகியவை பற்றி உங்களுக்குச் சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். எவரும் சொல்லாத அந்த மூன்று நாளைப் பற்றியே நான் பேச விரும்புகிறேன்.

உறவினர் ஒருவர் “கொம்பு ஊதவா இவ்வளவு செலவழித்துப் படிப்பித்தாய்” என்று கேட்டதாகச் சொன்னீர்கள். அவர் அறியாமற் சொன்னாலும் சொல் சரியானதே. ஹோர்ன் என்றால் கொம்புதான். நாதசுரத்தில் சீவாளி அதிர்கிறது. ஹோர்னில் வாசிப்பவரின் உதடுகளே சீவாளி. எஃப் சுருதி ஹோர்னின் சுருண்ட குழாயை நீட்டினால் ஏறத்தாழ 3.7 மீற்றர் வரும். சாதாரண ட்ரம்பெட்டைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். நீளமான குழாயில் மேலே செல்லச் செல்ல, உதட்டின் இறுக்கத்தை மாற்றுவதால் மட்டுமே எழும் இயற்கைச் சுரங்கள் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும். ஹோர்ன் வாசிப்பவர் பெரும்பாலும் அந்த நெருக்கத்துக்குள்ளேயே நடமாட வேண்டியிருப்பதால், உதட்டின் இறுக்கம் மயிரிழை பிசகினாலும் பக்கத்துச் சுரம் வந்து விழுந்துவிடும். உங்கள் மகன் இரவில் ஒரே சுரத்தை நாற்பது தடவை ஊதுவதாகவும், அயலவர் முறைப்பாடு செய்ததாகவும் சொன்னீர்கள். அவன் பிடிவாதத்தால் அப்படிச் செய்யவில்லை. அந்த வாத்தியத்தின் இயல்பு அப்படி.

இத்தகைய வாத்தியத்தைப் பாடசாலை வாத்தியக்குழுப் பொறுப்பாசிரியர் ஓரளவுக்கே கற்பிக்க முடியும். பத்துப் பன்னிரண்டு வகை வாத்தியங்களைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர், வலக்கையை ஹோர்னின் விரிந்த முனையான மணிவாயினுள் எப்படி வைப்பது என்பதைக் கண்டு திருத்த நேரம் எங்கே? அந்தக் கை வெறுமனே குழலைத் தாங்குவதற்கன்று. 18 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் டிரெஸ்டன் நகரின் ஹம்பல் என்பவர் கையை உள்ளே மூடியும் திறந்தும் இடைச்சுரங்களை எழுப்பும் முறையை வளர்த்தெடுத்தார். மொசார்ட் தன் நண்பர் லொய்ட்கெப்புக்காக ஹோர்ன் கச்சேரிகளை எழுதிய காலத்தில், குழாயின் நீளத்தை மாற்றும் வால்வுகளே இல்லை. அவை 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவை. இன்று இடக்கை விரல்கள் வால்வுகளை இயக்கினாலும், சுருதியை நுட்பமாகச் சரிசெய்வதும் ஒலியின் நிறத்தை மாற்றுவதும் வலக்கைதான். தொழில்முறைக் கலைஞர் ஒருவர் பக்கத்தில் நின்று அந்த மணிக்கட்டை ஓர் அங்குலம் திருப்பிவிட்டால் நான்கு ஆண்டுப் பழக்கம் ஒரு காலையில் மாறக்கூடும். குருவின் வீட்டில் சீடன் தங்கி நாதசுரமோ தவிலோ கற்ற மரபை அறிந்த நமக்கு இது புதிதாக இருக்கக் கூடாது.

பொதுவாக அத்தகைய பட்டறையில் காலை நேரம் முழுவதும் எல்லோருக்கும் ஒரே பயிற்சிதான். மூச்சு, வாய்முனையை மட்டும் வைத்து ஊதுதல், நீண்ட சுரங்கள், வால்வைத் தொடாமல் இயற்கைச் சுரங்களில் ஏறி இறங்குதல் என்று அது போகும். பிற்பகலில் ஒவ்வொருவராகத் தாம் ஆயத்தம் செய்த உருப்படியை எல்லோர் முன்னிலையிலும் வாசிக்க, கலைஞர் இடைமறித்துத் திருத்துவார். வாசித்த பிள்ளைக்குக் கிடைப்பதை விட, பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்குக் கிடைப்பது அதிகம் என்றுகூடச் சொல்வேன். தன் பிழையை இன்னொருவரின் வாத்தியத்தில் கேட்டால்தான் பலருக்கும் உறைக்கிறது. பிறகு நால்வராகச் சேர்ந்து வாசிப்பார்கள். சிம்பனி இசைக்குழுவில் வழக்கமாக நான்கு ஹோர்ன்கள். முதலாமதும் மூன்றாமதும் மேற்சுரங்களையும், இரண்டாமதும் நான்காமதும் கீழ்ச்சுரங்களையும் ஏற்கின்றன. உயரச் சுரம் எட்டவில்லை என்று தன்னைத் தாழ்வாக எண்ணும் மாணவன், கீழ்ச்சுரத்திலேயே ஒரு தொழில் இருப்பதை அங்குதான் அறிகிறான். ஜெர்மனியின் பெர்லின் பில்ஹார்மொனிக் இசைக்குழுவில் 2001 இல் சேர்ந்து, அதன் பித்தளைப் பிரிவின் முதற் பெண்ணான சாரா வில்லிஸ் கீழ்ச்சுர ஹோர்ன் வாசிப்பவரே. கியூபாவின் ஹவானாவுக்குப் போய் அங்குள்ள இளைஞருக்கு வகுப்பெடுத்தவர். பின்னர் அந்த நகரத்து இசைக்குழுவோடு சேர்ந்து செய்த ஒலிப்பதிவைக் கொண்டு அங்குள்ள கலைஞர்களுக்கு வாத்தியங்கள் வாங்க நிதி திரட்டினார். வாத்தியம் கிடைப்பதே அரிதான ஒரு தீவு என்ற வகையில், ஹவானாவின் கதை கொழும்புக்கு அந்நியமானதன்று.

இந்தக் கலைஞர்கள் ஏன் இப்படி ஊர் ஊராகப் போகிறார்கள் என்று தாங்கள் ஐயத்தோடு கேட்டீர்கள், ஏமாற்றோ என்று. இது அவர்களிடையே நெடுநாள் வழக்கம். ஹோர்ன் கலைஞர்களுக்கான முதலாவது சர்வதேசப் பட்டறை 1969 இல் அமெரிக்காவின் புளோரிடாவில் நடந்தது. அடுத்த ஆண்டே சர்வதேச ஹோர்ன் சங்கம் உருவாகியது. இன்றும் அவர்களுடைய மாநாடு வெவ்வேறு நாடுகளில் நடக்கிறது, மாணவர்கள் பங்குபற்ற உபகாரநிதியும் உண்டு. விண்ணப்பப் படிவம் நிரப்புவதற்கு முகவர் தேவையில்லை.

இப்போது பணம். இதில் நான் கடுமையாகவே இருப்பேன், மகனுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கொழும்பில் ஹோர்ன் வாசிப்பை மட்டுமே நம்பிக் குடும்பம் நடத்தலாம் என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1958 இல் தொடங்கிய இலங்கை சிம்பனி இசைக்குழு இங்கே இருக்கிறது, படைகளுக்கும் பொலிசாருக்கும் வாத்தியக்குழுக்கள் இருக்கின்றன, பாடசாலைகளில் வாத்தியக்குழுப் பயிற்றுநர் வேலை இருக்கிறது. ஆனால் நான்கு இருக்கைகளில் ஒன்று காலியாக எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பதையும் பிள்ளை அறிந்திருக்க வேண்டும். ஆகவே கடன் வாங்கிச் சொந்த ஹோர்ன் வாங்குவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். இரு சுருதிக் குழாய்களைக் கொண்ட நல்ல இரட்டை ஹோர்ன் ஆயிரக்கணக்கான அமெரிக்க டொலர் பெறும். பாடசாலையின் வாத்தியத்தை உயர்தரம் முடியும்வரை வீட்டுக்குக் கொண்டுவர எழுத்தில் அனுமதி பெறுங்கள். இசைப் பட்டத்துக்காக உடனே வெளிநாடு அனுப்புவதற்கும் காணியை விற்கக் கூடாது. மருத்துவத்துக்கு நான் சொன்ன அதே நியாயம் இதற்கும் பொருந்தும். ஜெர்மனியின் அரச இசைக் கல்லூரிகளில் பல மாநிலங்களில் கற்கைக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்கு அரையாண்டுத் தவணைக்கு 1500 யூரோ. அங்கெல்லாம் நுழைவது வாசித்துக் காட்டும் தேர்வினால். அதற்குரிய தரத்தில் இவன் இருக்கிறானா என்பதை நீங்களோ நானோ பெரியப்பாவோ சொல்ல முடியாது. வருகிற கலைஞர் சொல்ல முடியும்.

அதனால் அவரிடம் “இவனுக்குத் திறமை இருக்கிறதா” என்று கேட்க வேண்டாம்; மரியாதைக்கு எல்லோரும் ஆம் என்பார்கள். இதே வயதில் உங்கள் நாட்டில் தேர்வுக்கு வரும் மாணவனை விட இவன் எத்தனை ஆண்டு பின்தங்கியிருக்கிறான், அந்த இடைவெளியைக் கொழும்பில் இருந்தபடி நிரப்ப முடியுமா, எதை முதலில் திருத்த வேண்டும் என்று கேளுங்கள். மூன்று ஆண்டுக்கு மேல் என்று அவர் சொன்னால், ஹோர்ன் அவனுக்கு வாழ்நாள் இன்பமாக இருக்கட்டும். தொழிலை வேறு இடத்தில் தேடுவோம். அந்தப் பதிலை ஏற்பதாக மகன் என் முன்னால் ஒப்புக்கொண்டிருக்கிறான். நீங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

உயிரியல் பிரிவு பற்றி அதற்குப் பிறகு பேசலாம். மேலைத்தேய சங்கீதத்தைக் கலைப் பிரிவில் ஒரு பாடமாக எடுக்க முடியும். ஆனால் நான்கு மாதத்துக்குப் பின் மாறுவதற்குப் பாடசாலை இடமளிக்குமா என்பதை இந்தக் கிழமையே அதிபரிடம் கேட்டு வையுங்கள், ஏனெனில் அது தாமதிக்கத் தாமதிக்கக் கடினமாகும். தவறிய இரசாயனவியல் பாடக் குறிப்புகளை நண்பனிடம் பெறலாம்.

பட்டறைக்கு முந்திய இரவு பிள்ளையை நெடுநேரம் ஊத விட வேண்டாம், களைத்த உதடு மறுநாள் அதிராது. வாசிக்கப் போகும் உருப்படியின் இரண்டு பிரதிகளும், வால்வு எண்ணெயும், ஒரு கொப்பியும், பென்சிலும் கொண்டு போகட்டும். மூன்றாம் நாள் பிற்பகல் நீங்களும் போய்ப் பின்வரிசையில் இருந்து கேளுங்கள். கலைஞர் சொல்வதை மகனைக் கொண்டே எழுதுவித்து, அந்தக் கொப்பியோடு அடுத்த புதன்கிழமை என்னிடம் வாருங்கள். அதுவரை முகவருக்கு ஒரு சதமும் கட்ட வேண்டாம். காணி உறுதியையும் வெளியில் எடுக்க வேண்டாம்.