குருவிடம் வெறுங்கையோடு போகாதீர்கள்
வாசகர் கேள்வி - பதில்

படிப்பு, தொழில், முன்னேற்றம் பற்றி ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஒரே கேள்வி பல ஊர்களிலிருந்து வந்திருந்தால் ஒன்றாக்கியிருக்கிறோம்.

குரூப் 4 தேர்வில் இரண்டு தடவை கோட்டைவிட்டேன். ராத்திரி தன்னம்பிக்கைப் பேச்சு கேட்டால் நாளைக்கே கலெக்டர் ஆகிவிடலாம் போல இருக்கிறது. விடிந்தால் புத்தகத்தைத் தொட மனசு வரவில்லை. அந்த வேகத்தைத் தக்கவைப்பது எப்படி?
— வாசகர், தொண்டி

தக்கவைக்க முடியாது; அந்த முயற்சியே வேண்டாம். பேச்சு கேட்டு வரும் வேகம், ஏதோ சாதித்துவிட்ட திருப்தியைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். வேலையில் இறங்கிப் பத்து நிமிடம் கழித்து வருகிற ஈடுபாடுதான் நிற்கும். ராத்திரி செய்ய வேண்டியது, மறுநாளின் முதல் வேலையை எடுத்துவைத்துவிட்டுப் படுப்பது. "தமிழ் படிக்கணும்" என்பது வேலை இல்லை. "எட்டாம் வகுப்பு, மூன்றாம் இயல், படித்து மூடி வைத்துவிட்டு இருபது வினா" என்பது வேலை.

அதற்கும் முன்னால், இரண்டு முறை தோற்றவரிடம் ஒரு சொத்து இருக்கிறது: தவறிய விடைகள். தேர்வாணைய இணையதளத்தில் பழைய வினாத்தாளும் விடைக்குறிப்பும் கிடைக்கும். என்ன எழுதினோம் என்று நினைவில்லையென்றால் அதே தாளைக் கடிகாரம் வைத்து மறுபடி எழுதுங்கள். மொத்தம் 200 வினா, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தமிழ் 100, பொது அறிவு 75, கணக்கும் நுண்ணறிவும் 25. தவறிய ஒவ்வொரு வினாவின் பக்கத்திலும் ஓர் எழுத்துப் போடுங்கள். தெரியவே தெரியாதென்றால் 'தெ', தெரிந்தும் குழம்பியிருந்தால் 'கு', அவசரத்தில் விட்டிருந்தால் 'அ'.

மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. 'தெ' அதிகமென்றால் பாடப்புத்தகத்துக்குத் திரும்ப வேண்டும், வேறு வழியில்லை. 'கு' அதிகமென்றால் மேலும் படிப்பது குழப்பத்தைத்தான் கூட்டும். குழம்புகிறவற்றை ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். ஐங்குறுநூற்றில் மருதம் ஓரம்போகியார், நெய்தல் அம்மூவனார், குறிஞ்சி கபிலர், பாலை ஓதலாந்தையார், முல்லை பேயனார். இந்த ஐந்தையும் தனித்தனி நாளில் படித்தவர் குழம்புவார், ஒரு கட்டமாகப் போட்டவர் குழம்பமாட்டார். (கடற்கரைக்காரர் அம்மூவனாரை மறந்தால் மன்னிப்பில்லை.) 'அ' அதிகமென்றால் "பொருந்தாதது", "தவறானது" என்ற சொற்களைப் பேனாவால் வட்டமிட்டுவிட்டுத்தான் விடைகளைப் பார்ப்பது என்று பழக்குங்கள். பல பேருக்கு இந்த ஒரு பழக்கமே பல வினாக்களை மீட்டுத்தரும்.

ஒரு வினாவுக்கு வட்டம் நிரப்புவதையும் சேர்த்து 54 விநாடிதான் கிடைக்கிறது. ஆகவே வீட்டில் எழுதும்போதே விடைத்தாளில் நிரப்பிப் பழகுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. விடை தெரியவில்லை என்பதற்கான ஐந்தாவது வட்டத்தைத் தொடும் முன் யோசியுங்கள்.

எழுத்துப் போட்டு எண்ணிய இந்தத் தாளை எடுத்துக்கொண்டு, தேர்ச்சி பெற்று வேலையில் இருக்கும் அண்ணனிடமோ அக்காவிடமோ போங்கள். "எப்படிண்ணே படிச்சீங்க?" என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "நாற்பது 'கு' இருக்கு, இதை என்ன செய்யலாம்?" என்று கேட்டால் அவர் உட்கார்ந்து பேசுவார்.

என் மகன் ஒன்பதாம் வகுப்பு. ஊரில் எல்லாரும் "கலாம் மாதிரி வரணும்" என்கிறார்கள். பேப்பர் போட்ட கதையைத் தவிர எங்களுக்கு ஒன்றும் தெரியாது. உண்மையில் எதைக் கற்றுக்கொள்வது?
— வாசகி, பாம்பன்

பேப்பர் கதை நல்ல கதைதான். ஆனால் அதிலிருந்து பையன் எடுத்துக்கொள்ள 'கஷ்டப்படு' என்பதைத் தவிர அதிகமில்லை. கஷ்டத்தை நம் கரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவருக்கு வாய்த்த ஆசிரியர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

ராமேசுவரத்தில் தொடக்கப்பள்ளி. பறவை எப்படிப் பறக்கிறது என்று சிவசுப்பிரமணிய ஐயர் கரும்பலகையில் வரைந்து விளக்கினார். புரிந்ததா என்று கேட்டபோது, புரியவில்லை என்றார் கலாம். ஆசிரியர் அன்று சாயங்காலம் வகுப்பையே கடற்கரைக்குக் கூட்டிப்போய்ப் பறவைகளைக் காட்டினார். இதில் பாதிப் பெருமை, புரியவில்லை என்று வாய்திறந்த பையனுக்கு. உங்கள் மகன் கடைசியாக எப்போது "புரியலை சார்" என்றான் என்று விசாரியுங்கள்.

ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் ஐயாதுரை சாலமன் சொன்ன ஆசை, நம்பிக்கை, எதிர்பார்ப்பு என்ற மூன்றும் மேடைகளில் அடிபட்டுத் தேய்ந்துவிட்டன. எங்களுக்கு அதைவிடப் பயனாகத் தெரிவது சென்னை எம்.ஐ.டி.யில் நடந்தது. விமான வடிவமைப்பு வேலை பின்தங்கியிருந்தது. கலாம் ஒரு மாதம் கேட்டார். பேராசிரியர் சீனிவாசன் மூன்று நாள் கொடுத்தார், முடிக்காவிட்டால் உதவித்தொகை நிற்கும் என்றார். மிரட்டல் மட்டுமாக இருந்தால் இது கொடுமை. ஆனால் இடையில் அவரே வந்து வேலையைப் பார்த்தார். கெடு விதித்தவர் வந்து பார்ப்பதும் முக்கியம். "பப்ளிக்ல நானூறு எடு" என்று சொல்லிவிட்டு ஒரு வருடம் திரும்பிப் பார்க்காத பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். மூன்று நாளைக்கு ஒரு பாடம், மூன்றாம் நாள் ராத்திரி நோட்டைப் பார்ப்பது போதும். உங்களுக்குப் பாடம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அவன் உங்களுக்கு விளக்கட்டும்.

கடைசியாக, 1979 ஆகஸ்ட் 10. எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டை ஏவுவதற்குச் சில நிமிடம் முன்னால் கணினி நிறுத்தச் சொன்னது. கட்டுப்பாட்டு அமைப்பில் கசிவு. தாங்கும் என்றார்கள் நிபுணர்கள். ஏவலாம் என்று முடிவெடுத்தவர் திட்ட இயக்குநராக இருந்த கலாம். இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாடு போய் ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. பத்திரிகையாளர் முன் உட்கார்ந்து பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். 1980 ஜூலை 18 அன்று அடுத்த ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டபோது, பேட்டியைக் கலாமிடம் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொண்டார். தோல்வியை மேலே இருப்பவர் ஏற்றுக்கொண்டதால்தான் கீழே இருந்தவர்கள் எதையும் மறைக்காமல் பிழையைத் தேட முடிந்தது. உங்கள் வீட்டில் மார்க் குறைந்தால் பையன் விடைத்தாளை ஒளிக்கிறானா, கொண்டுவந்து காட்டுகிறானா?

பெரியம்மா பல வருடமாகக் கடல்பாசி வளர்க்கிறார். கூடவே போகிறேன். "பார்த்துக் கத்துக்க" என்பார்; கேள்வி கேட்டால் எரிந்து விழுவார். நான் தனியாகப் போட்ட மிதவையில் பாசி வெளுத்து உதிர்ந்துவிட்டது.
— வாசகி, முனைக்காடு

பெரியம்மாவுக்குச் சொல்லித்தர மனமில்லை என்று நினைக்க வேண்டாம். அவருக்குத் தெரிந்தது கையில் இருக்கிறது, வாயில் இல்லை. 'ஏன்', 'எப்படி' என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது, அதனால் கோபம் வருகிறது. 'இதுவா, அதுவா' என்று கேளுங்கள். இரண்டு கைப்பிடி விதைப்பாசியை எடுத்து, "இதுல எதைக் கட்டுவீங்க பெரியம்மா?" என்றால் ஒரு நொடியில் காட்டுவார். காட்டியதும் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நீங்களே பாருங்கள்: நிறம், நுனியின் விறைப்பு, கிளையின் இளமை. அதுவும் தண்ணீரில் நின்று கட்டிக்கொண்டிருக்கும்போது கேட்காதீர்கள். கரையேறி, டீ குடித்த பிறகு கேளுங்கள்.

பெப்சி பாசி என்று நம் பக்கத்தில் சொல்லும் கப்பாபைகஸுக்கு வழக்கமான கணக்கு இது. 12-க்கு 12 அடி மூங்கில் மிதவை, 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம். ஆக 60 கிலோ விதை, 45 நாளில் அறுவடை. வெளுத்து உதிர்வதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றல்ல. தண்ணீர் சூடேறுவது, மழைத் தண்ணீர் கலந்து உப்பு குறைவது, நீரோட்டம் இல்லாமல் தேங்குவது ஆகியவற்றால் பாசி நலிகிறது. நலிந்த இடத்தில் பாக்டீரியா ஏறுகிறது. சேறு படிந்து உதறாமல் விட்டாலும், வேறு பாசி மேலே படர்ந்தாலும் வெளிச்சம் போகும். நுனிகள் கடித்தது போல மொட்டையாக இருந்தால் அது நோயில்லை, ஓரா மீன். மிதவைக்கு அடியில் வலை கட்டினீர்களா என்று பாருங்கள்.

எது காரணம் என்று கண்டுபிடிக்க வழி உண்டு. அடுத்த மிதவையில் பத்துக் கயிறு பெரியம்மா தேர்ந்து கட்டட்டும், பத்துக் கயிறு நீங்கள். கயிறுகளை ஒன்றுவிட்டு ஒன்றாகப் போடுங்கள். இரண்டும் வெளுத்தால் இடமோ பருவமோ சரியில்லை. உங்களுடையது மட்டும் போனால் விதையிலோ கட்டிலோ குறை. அதற்கடுத்த முறை விதையை அவர் தேர, கட்டுவது நீங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கட்டிய தேதி, விதை எடை, மழை பெய்த நாள், அறுவடை எடை நான்கையும் நோட்டில் குறியுங்கள். மூன்று அறுவடைக்குப் பிறகு அந்த நோட்டைப் பெரியம்மாவே எடுத்துப் பார்க்க வாய்ப்புண்டு.

துபாயில் நல்ல நிலையில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவரிடம் வழிகாட்டுதல் கேட்க ஆசை. வாட்ஸ்அப்பில் இரண்டு முறை எழுதினேன், பதில் இல்லை.
— பி.காம். மாணவர், கீழக்கரை

என்ன எழுதினீர்கள் என்று சொல்லவில்லை. "நான் வாழ்க்கையில் முன்னேற வழி சொல்லுங்கள்" என்பது போல இருந்தால் நல்ல மனிதர் கூட 'அப்புறம் பார்ப்போம்' என்று ஒதுக்குவார், ஏனென்றால் பதில் சொல்ல ஒரு மணி நேரம் வேண்டும். வேலைக்காகக் கேட்கிறான் என்ற சந்தேகமும் வரும். ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய ஒன்றை அனுப்புங்கள்:

"அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா. கீழக்கரைதான், பி.காம். மூன்றாம் வருஷம். டேலி முடிச்சிருக்கேன். அமீரகத்தில் 5 சதவீத வாட் கணக்கு எப்படின்னு படிச்சு, ஒரு கடைக்கு மாதிரி பில் பத்து போட்டுப் பார்த்தேன், ஒரு பக்கம் இணைச்சிருக்கேன். இதுல பெரிய தப்பு எதுன்னு மட்டும் சொன்னா போதும். சனி, ஞாயிறுல நேரம் இருந்தா பாருங்க."

துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். காலை ஆறு மணிக்கு நீங்கள் அனுப்புவது அங்கே நாலரை மணிக்கு மணியடிக்கும். பத்து நாள் பொறுத்து ஒரே ஒரு நினைவூட்டல் போதும். பதில் வந்தால் "நன்றி காக்கா" என்று முடித்துவிடாமல், அவர் சொன்னபடி திருத்திய பக்கத்தை ஒரு வாரத்துக்குள் அனுப்புங்கள். சொன்னதைச் செய்து காட்டுபவனுக்குத்தான் இரண்டாவது முறை நேரம் ஒதுக்குவார்கள்.

ஒரு மாமா 'கப்பல் படிப்பு படி' என்கிறார், இன்னொருவர் 'டிகிரியை முடி' என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
— வாசகர், தேவிபட்டினம்

இருவரிடமும் ஒரே கேள்வி: அவர் சொல்லும் பாதையில் கடந்த மூன்று வருடத்தில் சேர்ந்து வேலைக்குப் போன ஒருவரின் போன் நம்பர். கொடுக்க முடியாதவரின் அறிவுரை அன்பால் வந்தது, விவரத்தால் வந்ததல்ல. கப்பல் படிப்பென்றால் கல்லூரி, மும்பையிலுள்ள கப்பல் போக்குவரத்து தலைமை இயக்குநரகத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று அதன் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். கப்பலில் ஏற்றிவிடுகிறேன் என்று லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜெண்டிடம் ஆர்.பி.எஸ்.எல். (மாலுமிகளை வேலைக்கு அமர்த்தும் நிறுவனத்துக்கான உரிமம்) எண்ணைக் கேளுங்கள். உரிமம் உள்ளவரும் வேலை வாங்கித்தர மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது.

ஜெயிக்க வேண்டுமானால் அதிகாலை 4 மணிக்கு எழுந்தே ஆக வேண்டுமா?
— மாணவி, மண்டபம்

வேண்டாம். அப்பா கடலுக்குப் போகும் வீட்டில் அந்த நேரத்தில் சோறு கட்டுவதும் டார்ச் தேடுவதுமாக இருக்கும், படிப்பு ஏறாது. விசைப்படகு வீடென்றால் திங்கள், புதன், சனி என்று கடல் நாளும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலமும் முன்கூட்டியே தெரியும். வீடு எந்த நேரத்தில் அமைதியாக இருக்கிறது என்று ஒரு வாரம் குறித்துப் பார்த்துவிட்டு அதில் இரண்டு மணி நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏழு மணி நேரத் தூக்கத்தில் கைவைக்காதீர்கள்.